அழகம்மாவின் சத்துப்பொடி

"அழகம்மாக்கா, இன்னைக்கு எத்தனை அடுப்பு பத்திக்கிச்சு?"

விஜயகலா கேட்டதும் ஏழாம் நம்பர் தேயிலை மலையே சிரித்தது.

அழகம்மா சின்னப் போத்தலை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டு, "முருகா" என்று ஒரு கரண்டிப் பொடியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்தார்.

டெங்குக் காய்ச்சலில் இரண்டு கிழமை படுத்து எழும்பியவர். இரத்தினபுரியில் டாக்டர் மருந்துத் துண்டு எழுதிக் கொடுக்க, மருந்துக்கடை இப்திகார் நானா ஐந்தாறு டப்பாவைத் திறந்து, ஒவ்வொன்றாக நிறுத்து, மசாலைத்தூள் கூட்டுகிற மாதிரிக் கண் முன்னாலேயே கலந்து கொடுத்த பொடி அது.

"இது என்ன மருந்து நானா?"

"மருந்தில்ல, சத்து. நம்மட ஒடம்பு ஒரு பெரிய லயம் மாதிரி, ஒரே வரிசையா வீடு. உள்ளுக்குக் கோடிக்கணக்கில சின்னச் சின்ன காம்பரா. ஒவ்வொரு காம்பராவிலயும் ஒரு அடுப்பு. காய்ச்சல்ல ஒங்கட அடுப்பெல்லாம் அமந்து கெடக்கு. இந்தப் பொடிதான் வெறகு."

"அத்தனை அடுப்புக்கும் இந்தச் சின்னப் போத்தல் காணுமா?"

நானாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. "கொஞ்சம் கொஞ்சமாத்தான் பத்தும்" என்றார்.

இந்தக் கதையை அழகம்மா மலையில் வந்து சொன்னதுதான் பிழை. விஜயகலாவின் வாய்க்கு வேறு வேலையே இல்லாமல் போயிற்று.

ஆனால் அழகம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. காய்ச்சலுக்குப் பிறகு வேலைக்கு வந்த அன்று அவர் எடுத்த கொழுந்து பதினொரு கிலோ. தோட்டத்தை நடத்துகிற மாத்தயா தராசைப் பார்த்துவிட்டு, "மாசக் கடைசிக்குள்ள ஒரு நாளைக்குப் பதினெட்டு கிலோ வராட்டி வேலைப் பதிவுல ஒன் பேரை வெட்டிருவேன்" என்று சொல்லிப் போனார். பேர் போனால் தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயத்துக் காம்பராவும் போகும். புருசன் இல்லாத மனுஷி எங்கே போவார்?

அன்றுதான் பொடி குடிக்கத் தொடங்கினார்; மறுநாள் பதினாலு கிலோ.

அதற்கடுத்த நாள் பதினாறு.

அந்தக் கிழமை முடிவதற்குள் பத்தொன்பது!

மலை ஆடிப் போயிற்று. இடுப்பு வலி என்று ஒருத்தி ஒரு கரண்டி வாங்கினாள். மகனுக்குப் பரீட்சை என்று இன்னொருத்தி வாங்கினாள். "சும்மா ருசி பார்க்க" என்று கங்காணி சுதாகரன் இரண்டு கரண்டி வாங்கினார். அழகம்மாவும் இல்லை என்று சொல்லாமல் கொடுத்தார். யாருக்கும் ஒரு கிலோகூடக் கூடவில்லை.

"ஒங்களுக்கெல்லாம் அடுப்பு இருந்தாத்தானே எரியும்!" என்று விஜயகலா அவர்களையும் விடவில்லை.

அவள் மட்டும் பொடியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. எப்போதும் இருபத்தெட்டு கிலோ எடுக்கிறவள், அந்தக் கிழமை மட்டும் இறங்கி இறங்கிப் பத்தொன்பதுக்கு வந்து நின்றாள்.

"நோயாளிய நக்கல் அடிச்சா இப்புடித்தான். ஆண்டவன் பாத்துக்கிட்டுத்தானே இருக்கான்" என்றாள் பக்கத்து நிரையில் கொழுந்து பறிக்கிற தர்மிளா.

அடுத்த வியாழக்கிழமை தேத்தண்ணி நேரம். சாக்குகளை நிரையிலேயே வைத்துவிட்டு எல்லாரும் மரத்தடிக்கு இறங்கினார்கள். அழகம்மா பொடி கலக்கத் தண்ணீர் பிடிக்கவென்று கீழே நீர் விழும் பீலிக்குப் போனார். தலைத்துண்டை மறந்து திரும்பி ஏறிய தர்மிளா, மேலேயிருந்து போட்டாள் ஒரு கூச்சல்.

"கங்காணி! ஓடியாங்க! கள்ளி! கொழுந்துக் கள்ளி!"

தேயிலைச் செடிக்குப் பின்னால் குந்தியிருந்தாள் விஜயகலா. அவள் கை, முழங்கை வரைக்கும் அழகம்மாவின் சாக்குக்குள்!

கங்காணி மூச்சிரைக்க வந்தார். "கையை எடுடி வெளியே."

எடுத்தாள். கை நிறையக் கொழுந்து.

"பாத்தீங்களா? செத்துப் பொழைச்சு வந்தவ கொழுந்தப் போய்த் திருடுறாளே, இவ உருப்படுவாளா?" தர்மிளா தலையில் அடித்துக்கொண்டாள்.

கங்காணி அழகம்மாவின் சாக்கைத் தூக்கிப் பார்த்தார். கனத்தது. பக்கத்தில் கிடந்த விஜயகலாவின் சாக்கைத் தூக்கினார். ஒரு கையிலேயே வந்தது. திரும்ப அதைத் தூக்கினார். திரும்ப இதைத் தூக்கினார்.

"காலையில இருந்து எல்லாரையும் முந்திப் பறிச்சவ நீதான். ஒன் கொழுந்து எங்க?"

விஜயகலா தலையைக் குனிந்துகொண்டாள். கையிலிருந்த கொழுந்தை அழகம்மாவின் சாக்குக்குள்ளேயே போட்டு அமுக்கினாள்.

தர்மிளாவின் கை தலையிலேயே நின்றுவிட்டது.

"எத்தனை நாளா?" கங்காணியின் குரல் இறங்கிவிட்டது.

"அந்த மாத்தயா வந்து சத்தம் போட்டுட்டுப் போன மறுநாள்ல இருந்து."

"அப்புறம் எதுக்குடி அந்த மனுஷிய அப்படி நக்கல் அடிச்ச?"

"எல்லாரும் என் வாயைப் பாத்துக்கிட்டு இருந்தா, கையைப் பாக்க மாட்டாங்கல்ல கங்காணி."

"மாத்தயாவுக்குத் தெரிஞ்சா ரெண்டு பேர் பேரும் போயிரும், தெரியுமா? எனக்கும் சேர்த்துத்தான் கிழியும்."

அதற்குள் அழகம்மா வாயைத் துடைத்துக்கொண்டே மேலேறி வந்தார். "என்ன கங்காணி, இங்க என்ன சத்தம்?"

விஜயகலா கங்காணியைப் பார்த்தாள். தர்மிளாவும் பார்த்தாள்.

கங்காணி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒண்ணுமில்ல அழகம்மா. ஒன் பொடியைப் பத்தித்தான் பேசிக்கிட்டிருந்தோம். நல்ல பொடி. ஒடம்பு தேறுற வரைக்கும் ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது."

"நான் எங்க கங்காணி நிறுத்தினேன்? நேரம் தவறாமக் குடிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்."

"ஒனக்குச் சொல்லல" என்ற கங்காணி, விஜயகலாவை முறைத்தார்.