பூட்டுக்குள் ஒரு லினக்ஸ்

சாவி வைத்துக்கொள்வது பத்தாம்பசலித்தனம் என்று வாசல் பூட்டுக்குள் ஒரு குட்டி லினக்ஸ் கம்ப்யூட்டரைப் பொருத்தியவர் கணவர்தான். இப்போது அது திறக்க மறுத்தது. படியில் உட்கார்ந்து லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மனைவி கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள்.

“சீக்கிரம்ங்க. எனக்கு அவசரம்.”

“பூட்டைத் திறக்கிற சாஃப்ட்வேருக்கு லைப்ரரின்னு ஒரு துணை சாஃப்ட்வேர் வேணுமாம். அதைக் காணோம்.”

அதை நெட்டிலிருந்து இறக்கிப் போட்டார். அது இன்னொரு லைப்ரரியைக் கேட்டது. அதையும் போட்டார். அது வேறொன்றைக் கேட்டது.

“போன வாரம்தானே எல்லாத்தையும் புதுசா போட்டேன். ஒண்ணுகூட இல்லையே, எப்படி?”

“உங்க புத்தியோட சேர்ந்து அதுவும் புல் மேயப் போயிருக்கும்.”

ஒருவழியாகக் கடைசி லைப்ரரியும் ஏறியது. ‘கதவு திறந்தது’ என்று திரையில் வந்தது. மீசையைத் தடவிக்கொண்டே எழுந்து கதவைத் தள்ளினார். அது இடித்த புளி மாதிரி அசையாமல் நின்றது.

மனைவியின் போன் அடித்தது. பக்கத்துத் தெருவிலிருந்து அவள் தம்பி. ஸ்பீக்கரில் போட்டாள்.

“அக்கா, மாமா போட்டுக் குடுத்த பூட்டு தானா திறந்துக்கிச்சு. மூடவே மாட்டேங்குது. என்னன்னு கேளு.”

கணவர் திரையின் மேல் ஓரத்தைப் பார்த்தார். அங்கே மச்சினன் வீட்டுப் பூட்டின் பெயர் இருந்தது. நேற்று அதைச் சரிபார்க்க லேப்டாப் வழியாக உள்ளே நுழைந்தவர், இன்னும் அதிலிருந்து வெளியே வரவேயில்லை.

தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அவசரம்னியே. உன் தம்பி வீடு திறந்துதான் இருக்கு.”