விருந்துக்கு ஏற்ற ஒயின்

"என் கல்யாண விருந்துக்கு ஒயின் வேணும். மீனும் நண்டும்தான் அதிகம்," என்றாள் அவள்.

கடைக்காரர் பிரெஞ்சு வெள்ளை ஒயின் ஒன்றைத் திறந்தார். "இதுல ரெண்டு திராட்சை கலந்திருக்கு. ஒண்ணு எலுமிச்சை மாதிரி சுள்ளுன்னு இருக்கும். இன்னொண்ணு தேன் மாதிரி. தனியா முதலாவது நாக்கை அறுக்கும், ரெண்டாவது திகட்டும். சேர்ந்தா மீனுக்கும் நண்டுக்கும் அமிர்தம்."

அவள் சுவைத்துப் பார்த்தாள். "நல்லா இருக்கு. ஆனா அப்பாவுக்கு ஆட்டுக்கறிதான் உசுரு."

"கறிக்கு இது எடுபடாது." கடையிலேயே உயர்ந்த சிவப்பு ஒயினை அவருக்கென்று எடுத்து வைத்தார். "விருந்தன்னிக்கு நானே வந்து, எல்லாருக்கும் ஊத்திக் குடுத்துட்டுப் போறேனே?"

அவள் முகம் வாடியது. "வேண்டாம். ஆள்கிட்ட குடுத்தனுப்புங்க."

"ஒரு ஓரமா நின்னுக்கறேன்."

"மாப்பிள்ளை வீட்டுல, என்னைப் பெத்த அப்பா செத்துட்டார்னுதான் அம்மா சொல்லியிருக்காங்க. நீங்க வந்து நின்னா, என் மூக்கே காட்டிக் குடுத்துடும்."

கடைக்காரர் பாட்டில்களைப் பெட்டியில் அடுக்கினார்.

"வெள்ளையை நல்லாக் குளிர வச்சுப் பரிமாறச் சொல்லும்மா," என்று மட்டும் சொன்னார், பெற்றவர்.