கரைக்குள் அடங்காத எண்

வாவித் தண்ணீர் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கும் என்பதை அதன் கரையின் வடிவமே தீர்மானிக்கிறது. கணித விரிவுரையாளரான டினோஷா வரைபடத்திலிருந்து கரையை எடுத்து, வகையீட்டுச் சமன்பாட்டைத் தீர்த்தாள். மெதுவான ஆட்டங்களுக்கு ஐந்து ஐகன் பெறுமானங்கள், ஆட்டத்துக்கு ஓர் எண்ணாக, வந்தன. நீர்மட்டக் கருவியோ ஆறு ஆட்டங்களைப் பதிந்திருந்தது. ஆறாவது, பதினேழு நிமிடத்துக்கு ஒருமுறை.

கருவியை மாற்றினாள், நிரலைத் திரும்ப எழுதினாள். ஆறுதான். கடைசியில் கணினியில் கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பார்த்தாள். கரையோர ஊரான பெரியகல்லாற்றில் ஒரேயொரு வீட்டு வளவைத் தண்ணீருக்குள் விட்டதும் ஆறாவது எண் அச்சொட்டாகப் பொருந்தியது. அவளுடைய அப்பா இராயப்பு தனியாக இருக்கும் வளவு அது.

அப்போதே அவருக்குப் போன் எடுத்தாள்.

"வளவுக்குள்ள தண்ணி வந்திருக்கா அப்பா?"

"இல்ல மகள். மழையக் கண்டு மூணு மாசம். மண் காஞ்சி கிடக்கு."

"என்ன செய்யிறீங்க?"

"தோணியக் குசினிக் கதவு நிலையில கட்டிப்போட்டு வந்து இருக்கன். ரெண்டு தரம் கதவுல வந்து இடிச்சிட்டுது."

முழங்கால் வலியால் அவர் தொழிலை விட்ட நாளிலிருந்து அந்தத் தோணி முற்றத்து மணலில் கவிழ்ந்து கிடக்கிறது.

போனில் மரம் மரத்தில் இடிக்கும் சத்தம் கேட்டது. டினோஷா மணிக்கூட்டைப் பார்த்தாள். அப்பா கிணறு வற்றியதைப் பற்றி நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பதினேழாவது நிமிடத்தில் மறுபடியும் இடித்தது.

"கொஞ்சம் பொறு மகள், கதவத் திறந்து பாத்திட்டு வாறன்."

"அப்பா, திறக்காதீங்க."

அவர் போனை மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார்.