இவருக்குப் பதில் இவர்

போன வாரம் காபி போடச் சமையலறைக்குள் போன கோமதி, இந்த வாரம் வெளியே வரும்போது வேறொருத்தியாக இருந்தாள்.

டிவி திரையின் அடியில் எழுத்து வந்தது. இவருக்குப் பதில் இவர்.

ஜஹானாரா வீட்டுக் கூடத்தில் இருந்த பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கோவில்பதாகையில் அந்தச் சந்துக்கே கலர் டிவி அவள் வீட்டில்தான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் உலையைச் சீக்கிரம் இறக்கிவிட்டு எல்லோரும் அங்கே வந்துவிடுவார்கள். வருஷக்கணக்காகக் கோமதி பட்ட பாட்டுக்கெல்லாம் இவர்கள்தான் அழுதிருக்கிறார்கள். கேட்காமல் கொள்ளாமல் ஆளை மாற்றினால் கோபம் வராதா.

பழையவளுக்கு சினிமாவில் சான்ஸ் வந்துவிட்டது என்றாள் ஒருத்தி. அதெல்லாம் இல்லை, கல்யாணமாகி பம்பாய் போய்விட்டாள் என்றாள் இன்னொருத்தி.

"புதுசுக்கு மூக்கு நல்லாத்தான் கீது. அழுகதான் வரல," என்று ஜஹானாரா தீர்ப்புச் சொன்னாள்.

தெரசா வாசலோரம் சுவரில் சாய்ந்திருந்தாள். மடியில் ரோஸி. மடி கொள்ளாத வயசு, ஆனாலும் இறங்காது. தெரசாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ரப்பர் கம்பெனியில் வேலை. அச்சிலிருந்து வரும் வாஷர்களின் பிசிறை நாள் முழுக்க பிளேடால் சீவ வேண்டும். விரல் நுனியெல்லாம் கீறல். அந்த விரல்களால் பிள்ளையின் தலையைக் கோதிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள்.

திரையில் புருஷன்காரன் புதுக் கோமதியின் கையிலிருந்து காபியை வாங்கிக் குடித்தான். பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. மாமியார் வழக்கம்போலத் திட்டினாள். பையன் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டு அம்மா என்றான்.

அந்த வீட்டில் ஒருத்தர்கூடப் பழையவளைத் தேடவில்லை.

மாற்றினவன் மாற்றிவிட்டான், நீயுமாடா மறந்துபோனாய் என்று அந்தப் பையனைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது தெரசாவுக்கு. பழையவளே வந்தால் தேவலை என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

"இன்னா தெரசா, நீயே இன்னொருத்தி எடத்துக்கு வந்தவ. புதுசுக்கு நீதான சப்போட்டு பண்ணணும்?" என்றாள் முனியன் பெண்சாதி.

கூடமே சிரித்தது. தெரசாவும் சிரித்துவைத்தாள்.

அந்தோணிராஜுக்கு அவள் இரண்டாந்தாரம். ஈஸ்டர் முடிந்த கையோடு மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து நடந்த கல்யாணம். அன்றிலிருந்து வீட்டில் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் சண்டை. ரோஸி அவளைச் சித்தி என்றே கூப்பிடுகிறாள்.

வார்ப்படக் கம்பெனியில் மண்ணிலும் நெருப்பிலும் வெந்துவிட்டு வருகிறவன், தட்டில் சோறு விழுவதற்குள் அந்தப் பேச்சை எடுப்பான். அம்மான்னு கூப்பிடு. பிள்ளை வாயைத் திறக்காது. ஒருநாள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். அப்போதும் சித்தி என்று அலறிக்கொண்டுதான் தெரசாவின் புடவைக்குப் பின்னால் போய் ஒளிந்தது.

தெரசாதான் குறுக்கே விழுந்தாள். வரும்போது வரட்டும், விடுங்கள் என்றாள். எப்பேர்ப்பட்ட பொறுமை பார் என்று சந்தில் பேசிக்கொண்டார்கள்.

அம்மா என்ற அந்தச் சொல் வரவே கூடாது என்று அவள் மாதாவிடம் வேண்டிக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது.

விளம்பரம் ஓடியது. இனிமேல் அந்தப் பையனுக்கு இவங்கதான் அம்மாவா என்று ரோஸி கேட்டாள். ஆமாம் கண்ணு, இவங்கதான் என்றாள் ஜஹானாரா. அப்போ அவங்க? அவங்க இனிமே வரமாட்டாங்க.

ரோஸி கொஞ்சம் யோசித்தாள். அவ்வளவுதானா என்பதுபோலத் தலையை ஆட்டினாள். நாடகம் மறுபடி தொடங்கியது. மடியில் நெளிந்தாள்.

"அம்மா, கால் மரத்துப்போச்சு. கொஞ்சம் நவுரு."

ஜஹானாரா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சற்றுமுன் கிண்டல் செய்த முனியன் பெண்சாதி மூக்கை உறிஞ்சினாள்.

தெரசா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

வாசலில் செருப்புகள் மட்டும் கிடந்தன.

பழக்கம் அப்படி. ரோஸி அம்மா என்று கூப்பிட்டால் அக்காதான் வருவாள். தெரசாவின் கூடப் பிறந்த அக்கா, ரோஸியைப் பெற்றவள். பிள்ளைக்குப் பேச்சு வரும் முன்பே அதை மடியில் போட்டுக்கொண்டு, எதிரில் உட்கார்ந்திருந்த தங்கச்சியைக் காட்டி, அது ஆரு, சித்தி, சொல்லு, சித்தி என்று சொல்லிக்கொடுத்தவள். முதலில் வந்தது அம்மா இல்லை, சித்திதான். அதற்கு அக்கா அன்றைக்கு முழுக்கப் பொய்க்கோபமாக இருந்தாள். அவள் கண்ணை மூடின பிறகும் அந்த வீட்டில் அவளுக்கென்று மிச்சமிருந்தது அந்த ஒரு சொல்தான்.

தெரசா குனிந்து பிள்ளையின் காதோடு கேட்டுக்கொண்டாள்.

"ஒரே ஒரு வாட்டி சித்தின்னு கூப்புடு கண்ணு."

அவள் தலை திரையை மறைத்தது. ரோஸி அவள் முகத்தைக் கையால் ஒதுக்கினாள்.

"போம்மா," என்றாள்.