தூக்கக் கூடாத கை

காட்டுமன்னார்கோயில் அரிசி மில் களத்தில் காயும் நெல்லின்மேல் வெயில் தகதகக்க, பூஜைக்கு வந்த நாயனமும் தவிலும் உச்சத்தில் முழங்குகின்றன. எர்த் குழியில் உப்புத் தண்ணீர் ஊற்றிவிட்டு நிமிர்ந்த வயர்மேன் முத்தலிப் அறைப் பக்கம் பார்க்கிறான். திறந்திருக்கும் புது டிரான்ஸ்பார்மர் அறைக்குள், மில்காரர் மனைவி கனகாம்பாள், கரண்டுக் கம்பி வந்து சேரும் பீங்கான்களின்மேல் நீர் சொட்டும் சாமந்தி மாலையைச் சாத்திவிட்டு, டிரான்ஸ்பார்மரின் இரும்புத் தொட்டிக்குச் சந்தனம் பூசிக்கொண்டிருக்கிறார். களத்தின் மறுகோடியில், கம்பத்தடியில், கரண்டு விடும் கைப்பிடியைப் பிடித்தபடி மச்சான் யாக்கூப் நிற்கிறான். “மேளத்துல குரல் கேக்காது மச்சான், நான் கையத் தூக்கினா போடு” என்று காலையில் எல்லார் முன்னாலும் சொன்னவன் முத்தலிப்தான். “போடாத மச்சான்! அம்மா உள்ள இருக்காங்க!” நெல்லில் கால் புதையக் கத்திக்கொண்டே கம்பத்தை நோக்கி ஓடுகிறான். வீசத் துடிக்கும் கைகள் இரண்டையும் அக்குளுக்குள் இறுக்கிக்கொள்கிறான். யாக்கூப் சிரித்தபடி அந்தக் கையைத்தான் தேடுகிறான். பிறகு அவன் பார்வை முத்தலிப்பின் தோளைத் தாண்டிப் போகிறது. முத்தலிப் திரும்பிப் பார்க்கிறான். கரண்டு கேட்டுத்தான் கத்துகிறான் என்று நினைத்து, அறைக்கு முதுகு காட்டி நிற்கும் மில்காரர் ராஜசபேசன் உதவிக்குத் தன் கையை உயரத் தூக்கிக் காட்டுகிறார்.