ஏறாதது நிக்கட்டும்

"ஏறினது போகட்டும், ஏறாதது நிக்கட்டும். பிறகு என்னோட கோவிக்கக் கூடாது, மாமி" என்றான் மரியநேசன். சிலாவத்தையில் மாமியார் வீட்டு முற்றத்தில் அவனுடைய மொறிஸ் மைனர் கார் டிக்கியைத் திறந்தபடி நின்றது.

"ஓம் தம்பி, ஏறாதது நிக்கட்டும்" என்று றோசம்மா உடனே சம்மதித்தாள்.

அது அவனுக்கே ஆச்சரியம். முதல்நாள் சாப்பாட்டில் தொடங்கிய வாக்குவாதத்தில் அவள் இம்மியும் விட்டுக்கொடுக்கவில்லை. தலைப்பிள்ளைப் பேறு தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும், ஏழு மாதம் ஆகிவிட்ட மகள் ஜசிந்தாவை இங்கேயே விட்டுவிட்டுப் போகட்டும் என்று நின்றாள்.

வவுனியாவில் பெரிய ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது, அவள் என்னோடுதான் வருவாள் என்று அவனும் ஒரே பிடியாக நின்றான். ஆஸ்பத்திரி ஒரு சாட்டுத்தான். பெண்சாதியைப் பார்க்காமல் மூன்று மாதம் இருக்க அவனால் முடியாது. ஜசிந்தாவின் விருப்பத்தை இரண்டு பேருமே கேட்கவில்லை.

கடைசியில் மாமியார்தான் இறங்கி வந்தாள். பிள்ளையை மறிக்க முடியாவிட்டால் பரவாயில்லை, சாமானையாவது நிறையக் கொண்டுபோகட்டும் என்றாள்.

மரியநேசனுக்குச் சங்கக்கடைக் களஞ்சியத்தில் வேலை. மூட்டை அடுக்குவதில் தன்னை வெல்ல வவுனியாவிலேயே ஆள் இல்லை என்று கேட்காதவர்களிடமும் சொல்வான். இன்றைக்கு அதைக் காட்ட ஒரு சந்தர்ப்பம் வாய்த்தது.

நெத்தலிக் கருவாட்டை அண்டாவுக்குள் போட்டான். அண்டாவைச் சுற்றியிருந்த இடுக்குகளில் தேங்காய்களைச் செருகினான். பனங்கட்டி நிறைத்த ஓலைக் குட்டான்கள் ஸ்பெயார் சில்லின் குழிக்குள் போயின.

றோசம்மாவும் விடவில்லை. காய்ந்த பனங்கிழங்கு ஒடியல் மூட்டை வந்தது, பூசணிக்காய் வந்தது, ஊறுகாய்ச் சாடி வந்தது. இரண்டு மூட்டை நெல்லும் வந்து, கடைசியில் குசினிக்குள்ளிருந்து ஓர் ஆட்டுக்கல்லும் உருண்டு வந்தது.

"வவுனியாவில ஆட்டுக்கல் இல்லையோ, மாமி?"

"இருக்கும். உங்களால ஏத்த ஏலாட்டி நிக்கட்டும், தம்பி."

அந்தச் சொல் அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. பின் சீற்றின் குஷனைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சாத்தினான். ஆட்டுக்கல்லை அந்த இடத்தில் உருட்டிவிட்டு, இரண்டு பக்கமும் நெல் மூட்டைகளை முட்டுக் கொடுத்தான். கார் பின்பக்கமாக மாடு படுப்பதுபோலத் தாழ்ந்தது.

"முன் சீற்றில மட்டும் ஒண்டும் வைக்கேலாது, அது ஜசிந்தாவுக்கு" என்று எச்சரித்தான். தான் அதில் கையே வைக்கமாட்டேன் என்று மாமியார் மாதாவின் மேல் ஆணையிட்டாள்.

ஜசிந்தா வாசற்படியில் வீட்டுச் சட்டையோடு இருந்து புளியங்காய் கடித்துக்கொண்டிருந்தாள். பூசைக்குப் போன அப்பாவை இன்னும் காணவில்லை என்று கோயில் ஒழுங்கையைப் பார்ப்பாள், பிறகு புளியங்காயைக் கடிப்பாள்.

மரியநேசன் டிக்கியை மூடி, அதன்மேல் ஏறி இருந்து அமுக்கினான். 'டக்' என்று பூட்டு விழுந்தது. முற்றத்தில் ஒரு தேங்காய்கூட மிச்சமில்லை.

"பாத்தீங்களே மாமி, ஒண்டும் நிக்கேல்லை."

அந்த நேரம் பார்த்து மாமனார் பஸ்தியாம்பிள்ளை ஒழுங்கையால் வந்தார். தோளில் வெள்ளைத் துணி சுற்றிய அந்தோனியார் சுருவம். மரியநேசனின் தாய் தன் புது வீட்டுக்கு ஆசைப்பட்டுக் கேட்டது அது. அந்தோனியார் இல்லாமல் வீட்டுப் படி ஏறாதே என்று சொல்லித்தான் மகனை அனுப்பியிருந்தாள்.

சாண் உயரத்தில் ஒரு சிலை வரும் என்று நினைத்து, ஸ்ரியறிங்குக்குப் பக்கத்தில் அவன் ஓரிடம் ஒதுக்கி வைத்திருந்தான். வந்த அந்தோனியாரோ இடுப்பளவு உயரம், கையில் குழந்தை யேசு வேறு. அன்று காலைதான் பாதர் மந்திரித்துக் கொடுத்திருந்தார்.

மரியநேசன் டிக்கிப் பூட்டில் கை வைத்தான். மந்திரித்த சுருவத்தைக் கருவாட்டோடு படுக்க வைப்பதா என்று பஸ்தியாம்பிள்ளை சிலுவை போட்டுக்கொண்டார். பின்னுக்கு வைக்கலாம் என்றால் ஆட்டுக்கல் இருக்கிறது. புளியங்குளம் வரை பள்ளமும் திட்டியுமான றோட்டில் அந்தோனியாரின் தலைக்கு உத்தரவாதம் இல்லை.

அவன் யோசித்து முடிப்பதற்குள் பஸ்தியாம்பிள்ளை முன் கதவைத் திறந்து அந்தோனியாரைச் சீற்றில் சாய்த்து, கயிற்றால் கட்டியும்விட்டார். வள்ளத்தைக் கரையில் கட்டுகிற முடிச்சு.

"ஜசிந்தா மடியில வைச்சுக்கொண்டு வரட்டும், மாமா."

மூன்று பேரும் ஜசிந்தாவைத் திரும்பிப் பார்த்தார்கள். வயிறு முழங்கால் வரை வந்து நின்றது.

"மடியில ஏற்கெனவே ஒராள் இருக்குதெல்லே" என்றாள் றோசம்மா.

அவன் வீட்டுக்குள் சாத்தியிருந்த குஷனைப் பார்த்தான். நெல் மூட்டைகளைப் பார்த்தான். ஏற்றினதை மாமிக்கு முன்னால் தன் கையாலேயே இறக்க மானம் விடவில்லை. ஏறின அந்தோனியாரை இறங்கச் சொல்ல எவருக்குத் துணிவு வரும்? சொன்ன சொல்லோ அவனுடைய வாயிலிருந்து வந்தது. ஏறாதது நிற்கத்தான் வேண்டும்.

ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. "இதுக்குத்தானே மாமி காலமை தொடக்கம் சாமான் காவினனீங்கள்?" என்று மாமியார் பக்கம் திரும்பினான்.

ஜசிந்தா புளியங்கொட்டையைத் துப்பிவிட்டு எழுந்து வந்தாள். அவன் கழுத்து வேர்வையைத் தன் கையாலேயே துடைத்துவிட்டாள்.

"அம்மாவைப் பேசாதேங்கோ, அந்தோனியாரைக் கடைசியாக் கொண்டு வரச் சொன்னது நான்தான்."