வில்லை அண்ணனும் குடல் பாக்டீரியாவும்

நல்ல பாக்டீரியாக்களைச் சேர்த்துச் செய்யும் குழந்தைகளின் வயிற்று மருந்தில் சேர ஒரு குடல் பாக்டீரியா ஆசைப்பட்டது. அது விஷம் கக்கவில்லை என்று ஆய்வகத்தில் தெரிந்துவிட்டது. கடைசிச் சோதனைக்கு, அதன் கூட்டம் பரவியிருந்த தட்டின் நடுவில் பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக் மருந்தில் நனைத்த சிறு காகித வில்லை ஒன்றை வைத்தார்கள்.

"பக்கத்துல இருக்கிற உன் சொந்தக்காரங்க செத்துடுவாங்க தங்கச்சி. கொஞ்சம் மெதுவா கசியட்டுமா?" என்று வில்லை கேட்டது.

"வேண்டாம்ணே. உங்களுக்கு அடங்கலைன்னா எங்களை ஆபத்தானவங்கன்னு தூக்கிப் போட்டுடுவாங்க."

"அடி வாங்கிப் பாஸாகிற ஆளை இப்பத்தான் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு வில்லை முழுவதுமாகக் கசிந்தது.

மறுநாள் வில்லையைச் சுற்றி, பாக்டீரியா எல்லாம் செத்துப்போன வெறும் வட்டம் இருந்தது. ஆய்வாளர் தேன்மலர் அதை அளந்து, "தேர்ச்சி" என்று எழுதினார்.

தட்டின் ஓரத்தில் பிழைத்திருந்த பாக்டீரியா விடைபெற்றது. "குழந்தை வயித்துல நான் எப்பவாவது அத்துமீறினா, நீங்களே வந்துடுங்கண்ணே."